தாடையில் திரும்பத் திரும்ப வரும் ஹார்மோன் பருவுக்கு இயற்கை மருத்துவம் போதுமா?

திருப்பூரில் ஒரு ஏற்றுமதி நிறுவனத்தில் மெர்ச்சண்டைசராக வேலை பார்க்கும் 26 வயதுப் பெண் ஒருவர் கேட்டிருக்கிறார். பள்ளிக்கூடக் காலத்தில் எட்டிப் பார்க்காத பரு இப்போது தாடை ஓரத்திலும் மோவாயிலும் கழுத்தின் மேல் பகுதியிலும் வருகிறதாம். மாதவிடாய்க்கு ஒரு வாரம் இருக்கும்போது கட்டி மாதிரி உள்ளுக்குள்ளேயே வீங்கி வலிக்கிறதாம். வேப்பிலைச் சாறு வெறும் வயிற்றில் குடிக்கிறார், பாலை நிறுத்திவிட்டார், எலுமிச்சையும் சோடா உப்பும் கலந்து பூசியும் பார்த்துவிட்டார். மாத்திரை இல்லாமல் இயற்கை முறையிலேயே இது சரியாகுமா, எத்தனை நாள் ஆகும் என்பதுதான் கேள்வி.

சரி அம்மிணி, நேரான பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன். சாப்பாடு, தூக்கம், நடை இந்த மூன்றையும் உண்மையாகவே மாற்றினால் இந்த மாதிரிப் பரு நிறையப் பேருக்குக் கண்ணில் தெரியும் அளவுக்குக் குறையும், சிலருக்கு அதுவே போதும். ஆனால் மூன்று மாதமாவது ஆகும். உங்கள் மாதவிடாய் ஒழுங்காக வருகிறதா என்று பார்க்காமல் வேப்பிலை, மஞ்சள், புதினா என்று ஒவ்வொன்றாக முயன்றுகொண்டே போவது சரியல்ல. நான் பெருந்துறைப் பக்கம் இயற்கை மருத்துவம் பார்ப்பவள், என் தொழிலையே குறைத்துச் சொல்வதாக நினைக்க வேண்டாம். என்னிடம் வரும் பெண்கள் பலரும் முகத்தில் எதைப் பூசுவது என்றுதான் கேட்கிறார்கள், நானோ தட்டில் என்ன இருக்கிறது, எத்தனை மணிக்குப் படுக்கிறீர்கள், மாதவிடாய் எத்தனை நாளுக்கு ஒருமுறை வருகிறது என்று கேட்கிறேன். ஏன் அப்படிக் கேட்கிறேன் என்று கொஞ்சம் விளக்கிவிடுகிறேன், அது புரிந்தால் மீதியை நீங்களே முடிவு செய்துகொள்ளலாம்.

தோலுக்குள் இருக்கும் எண்ணெய்ச் சுரப்பிகளுக்கு வேலை சொல்வது ஆண்ட்ரோஜன் என்கிற ஹார்மோன்கள். பெயரைப் பார்த்து ஆண்களுக்கு மட்டும் என்று நினைக்காதீர்கள், பெண்களின் சினைப்பையும் சிறுநீரகத்துக்கு மேலே இருக்கும் அட்ரீனல் சுரப்பியும் இதைக் கொஞ்சமாகச் சுரந்துகொண்டேதான் இருக்கின்றன. அளவு கூடினாலோ, அளவு சரியாக இருந்து சுரப்பிகள் அதற்கு அதிகமாகத் துள்ளினாலோ, எண்ணெய் கூடும், மயிர்க்காலின் வாயை இறந்த செல்கள் அடைக்கும், உள்ளே வழக்கமாக வாழும் பாக்டீரியா பெருகும், வீக்கம் வரும். தாடையும் மோவாயும் இந்த ஹார்மோனுக்கு நன்றாக இணங்கும் இடங்கள், ஆண்களுக்குத் தாடி அங்கேதான் முளைக்கிறது இல்லையா. மாதவிடாய்க்கு முந்தைய நாட்களில் ஈஸ்ட்ரோஜன் இறங்கிவிடுவதால் ஆண்ட்ரோஜனின் கை ஓங்குகிறது, உங்களுக்கு அந்த வாரத்தில் கூடுவதற்கு அதுதான் காரணம்.

இன்சுலின் இதற்குள் எப்படி வருகிறது என்றால், மாவும் சர்க்கரையும் நிறைந்த சாப்பாட்டுக்குப் பிறகு இரத்தத்தில் சர்க்கரை சட்டென ஏறும், அதை இறக்க இன்சுலினும் ஏறும். அந்த இன்சுலின் சினைப்பையை டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண்ட்ரோஜனை இன்னும் கொஞ்சம் சுரக்கத் தூண்டும், அதோடு டெஸ்டோஸ்டிரோனைப் பிடித்து வைத்துக்கொள்ளும் ஒரு புரதத்தைக் கல்லீரல் குறைவாகச் செய்யும்படியும் ஆக்கும். ஆக, கட்டில்லாமல் சுற்றும் ஹார்மோன் கூடிவிடுகிறது. இன்சுலின் போன்ற இன்னொரு வளர்ச்சிக் காரணியும் கூடி எண்ணெய்ச் சுரப்பியை நேரடியாகவே உசுப்பும். உங்கள் காலைச் சாப்பாட்டுக்கும் தாடைப் பருவுக்கும் நடுவே இருக்கும் வழி இதுதான், வயிற்றில் ‘கழிவு தேங்கி’ முகத்தில் வெளியேறுகிறது என்று சொல்லப்படும் கதை அல்ல.

இதைச் சோதித்தும் பார்த்திருக்கிறார்கள். ஆஸ்திரேலியாவின் மெல்போர்னில் 15 முதல் 25 வயது வரை உள்ள பரு வந்த 43 ஆண்களை இரண்டு குழுவாகப் பிரித்து, ஒரு குழுவுக்குச் சர்க்கரையை மெதுவாக ஏற்றும் சாப்பாடும் புரதமும், இன்னொரு குழுவுக்கு வழக்கமான மாவுச்சத்துச் சாப்பாடும் 12 வாரம் கொடுத்தார்கள். 2007-ல் முடிவு வெளியானது. முதல் குழுவுக்குப் பரு ஏறத்தாழ இரண்டு மடங்கு அதிகமாகக் குறைந்திருந்தது, எடையும் இன்சுலின் நிலையும் சேர்ந்தே மேம்பட்டிருந்தன. சிறிய ஆய்வுதான், ஆண்களிடம் நடந்ததுதான், ஆனாலும் திசையைக் காட்டுகிறது. அந்த 12 வாரத்தைக் கவனியுங்கள். இன்று நீங்கள் கண்ணாடியில் பார்க்கும் பரு பல வாரங்களுக்கு முன்பே தோலுக்குள் கண்ணுக்குத் தெரியாத சின்ன அடைப்பாகத் தொடங்கியது. அதனால் பத்து நாள் கம்பு சாப்பிட்டுப் பார்த்து ஒன்றும் ஆகவில்லை என்று விட்டுவிடாதீர்கள்.

இனி உங்கள் நாளைப் பார்ப்போம். திருப்பூர், கோவை, ஈரோடு என்று எங்கே போனாலும் தெருவுக்கு ஒரு பேக்கரி இருக்கிறது, கம்பெனியில் காலை பதினொரு மணிக்கும் மாலை நாலு மணிக்கும் டீ வரும், கூட ஒரு பப்ஸோ தேங்காய் பன்னோ வருக்கியோ. வீட்டில் காலையில் ஒரு காபி, வந்ததும் ஒன்று. இரவு ஷிப்மெண்ட் இருந்தால் இன்னொன்று. ஐந்து குவளைக்கு இரண்டு கரண்டி வீதம் வைத்தாலே பத்து டீஸ்பூன் சர்க்கரை, அதாவது 40 முதல் 50 கிராம். சேர்க்கும் சர்க்கரையை மொத்தச் சக்தியில் 10 சதவீதத்துக்குக் கீழே, அதாவது ஒரு நாளைக்கு ஏறக்குறைய 50 கிராமுக்குள் வைக்கச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம், 25 கிராமுக்குள் இருந்தால் இன்னும் நல்லது என்கிறது. நீங்கள் ஒரு துண்டு இனிப்பு கூடத் தொடாமல் டீயிலேயே அந்த எல்லையைத் தொட்டுவிடுகிறீர்கள். நான் முதலில் மாற்றச் சொல்வது இதைத்தான். டீயை இரண்டாகக் குறையுங்கள், சர்க்கரையை வாரத்துக்கு அரைக் கரண்டி வீதம் குறைத்துக்கொண்டே வாருங்கள், ஒரு மாதத்தில் நாக்கு பழகிவிடும்.

நாட்டுச் சர்க்கரை போட்டால் பரவாயில்லையா என்று அடுத்து கேட்பீர்கள். கவுந்தப்பாடிச் சர்க்கரையும் கருப்பட்டியும் நம்ம ஊர்ப் பொருள், மணமும் ருசியும் தனி, வெள்ளைச் சர்க்கரையில் இல்லாத கொஞ்சம் தாதுச்சத்தும் உண்டு. ஆனால் அவற்றில் பெரும்பங்கு அதே சுக்ரோஸ்தான், இன்சுலினுக்கு அதன் நிறம் தெரியாது. ருசிக்காக எப்போதாவது போட்டுக்கொள்ளுங்கள், மருந்து என்று நினைத்துக் கூடுதலாகப் போடாதீர்கள்.

அரிசியை விட வேண்டாம், அளவைக் குறையுங்கள். நம்ம பக்கம் ஒரு காலத்தில் அரிசிச் சோறு நோம்பி நாளுக்கானது, மற்ற நாளெல்லாம் கம்பஞ்சோறும் சோளச்சோறும் ராகிக் களியும்தான். மேட்டாங்காட்டில் விளைந்ததை அப்படித்தான் தின்றார்கள், கூடவே காட்டில் நாள் முழுக்க உழைத்தார்கள், இரண்டையும் சேர்த்தே பார்க்க வேண்டும். கம்பில் 100 கிராமுக்கு 11 கிராம் அளவுக்குப் புரதம் இருக்கிறது, நார்ச்சத்தும் அதிகம். ஒரு விஷயத்தைப் பலரும் கவனிப்பதில்லை: சிறுதானியத்தை மாவாக அரைத்து நீர்க்கக் காய்ச்சி அதில் சர்க்கரை போட்டுக் குடித்தால் அது அரிசிக் கஞ்சியை விடப் பெரிதாக மேலில்லை. ராகி மால்ட் என்று டப்பாவில் விற்கிறார்களே, அதைக் குடித்துவிட்டு ‘சிறுதானியத்துக்கு மாறிட்டேன்’ என்று சொல்பவர்களைப் பார்க்கிறேன். தானியத்தை முழுசாகவோ குருணையாகவோ வேகவைத்துச் சோறாகச் சாப்பிடுங்கள், கம்பு தோசை என்றால் உளுந்தும் பச்சைப்பயிறும் சேர்த்து அரையுங்கள்.

கொள்ளுப் பருப்பைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் பரு வந்த பெண்ணுக்கு வீட்டில் முதலில் நிறுத்துவது இதைத்தான். ‘கொள்ளு சூடு, மூஞ்சியில கொப்புளம் வந்துரும்’ என்று அம்மாயி சொல்வார். எனக்குத் தெரிந்த வரையில் கொள்ளுக்கும் பருவுக்கும் தொடர்பு காட்டும் ஆதாரம் எதுவும் இல்லை. மாறாக அதில் 100 கிராமுக்கு 22 கிராம் அளவுக்குப் புரதம் இருக்கிறது, சர்க்கரையை மெதுவாக ஏற்றும், வயிறும் நிறைந்து நிற்கும். உடம்புக்குச் சேரவில்லை என்று தோன்றினால் மோரோடு சாப்பிடுங்கள், சித்திரை வைகாசியில் குறைத்துக்கொள்ளுங்கள், அம்மாயிக்கும் மனசு ஆறும். கொள்ளுக் கடையலோ, கொள்ளு ரசமோ, தட்டைப்பயிறுக் குழம்போ, பச்சைப்பயிறுக் கடையலோ மதியமும் இரவும் ஒன்று இருக்கட்டும். அரிசியும்பருப்பும் சாதம் செய்யும்போது பருப்பைக் கூட்டி அரிசியைக் குறையுங்கள், பக்கத்தில் ஒரு கை பண்ணைக்கீரையோ முருங்கைக்கீரையோ வதக்கி வையுங்கள். முட்டை சாப்பிடுவீர்கள் என்றால் காலையில் இரண்டு. மாலை நாலு மணிக்குப் பப்ஸுக்குப் பதிலாகச் சுண்டலோ வேகவைத்த கடலைக்காயோ ஒரு கொய்யாவோ டப்பாவில் கொண்டுபோய்விடுங்கள். இன்னொரு சின்ன வழக்கம், செலவே இல்லாதது: தட்டில் முதலில் காயையும் பருப்பையும் சாப்பிட்டுவிட்டுச் சோற்றைக் கடைசியில் சாப்பிடுங்கள், முடித்ததும் பத்துப் பதினைந்து நிமிடம் நடங்கள். சாப்பாட்டுக்குப் பின் சர்க்கரை ஏறும் வேகத்தை இந்த இரண்டும் குறைக்கின்றன.

பாலை நிறுத்தியது சரியா? அமெரிக்காவில் 47,000-க்கும் மேற்பட்ட செவிலியர்களிடம் பள்ளிப் பருவத்துச் சாப்பாட்டைப் பற்றிக் கேட்டு 2005-ல் வெளியிட்ட ஆய்வில் பால் அதிகம் குடித்தவர்களிடம் பரு கூடுதலாக இருந்தது தெரிந்தது, அதிலும் கொழுப்பு நீக்கிய பாலில் தொடர்பு கூடுதல். ஞாபகத்திலிருந்து சொன்னது என்பதால் இதைக் கடைசித் தீர்ப்பாக எடுத்துக்கொள்ள முடியாது. எல்லோருக்கும் பால் ஆகாது என்று நான் சொல்ல மாட்டேன். எட்டு வாரம் நிறுத்திப் பாருங்கள், பருவில் மாற்றம் தெரியவில்லை என்றால் திரும்பக் குடியுங்கள், வீட்டில் மாடு கட்டியிருக்கும் குடும்பத்துப் பெண்ணை வாழ்நாள் முழுக்கப் பாலில்லாமல் வைப்பதற்கு இப்போதைக்கு ஆதாரம் போதாது. தயிர் மோருக்கு இந்தத் தொடர்பு அவ்வளவாகத் தெரியவில்லை, அதை விட வேண்டாம். பால் இல்லாத நாட்களில் சுண்ணாம்புச் சத்துக்கு ராகி இருக்கிறது, 100 கிராமில் சுமார் 350 மில்லிகிராம், முருங்கைக்கீரையில் 300-க்கு மேல், எள்ளில் இதைவிடப் பல மடங்கு. ஜிம்முக்குப் போய், பாலிலிருந்து எடுக்கும் வே புரோட்டீன் பவுடர் குடிக்கிறீர்கள் என்றால் அதைத்தான் முதலில் நிறுத்த வேண்டும், அதனால் பரு கிளம்பியதாக மருத்துவ இதழ்களில் பல பதிவுகள் உண்டு. அதிக அளவு பி12 மாத்திரையும் ஊசியும் கூடச் சிலருக்குப் பருவைக் கிளப்பும், எடுத்துக்கொண்டிருந்தால் உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள்.

மூலிகைகளுக்கு வருகிறேன். வேப்பிலைச் சாற்றைத் தினமும் வெறும் வயிற்றில் குடிப்பதை இன்றே நிறுத்துங்கள். வேம்பு கருத்தரிப்பைத் தடுக்கும் தன்மை கொண்டது என்று விலங்குகளில் நடந்த ஆய்வுகள் சொல்கின்றன, தை மாதத்தில் கல்யாணம் பேசியிருக்கிறார்கள் என்றும் எழுதியிருக்கிறீர்கள், பருவுக்கு உறுதியான பலன் இல்லாத ஒன்றுக்காக அந்த ஆபத்தை எடுக்க வேண்டாம். யாராவது குப்பைமேனிச் சாறு குடிக்கச் சொன்னால் கண்டிப்பாக வேண்டாம், ஜி6பிடி என்ற நொதிக் குறைபாடு உள்ளவர்களுக்கு அது இரத்தச் சிவப்பணுக்களை உடைத்துவிடும், அந்தக் குறைபாடு இருப்பது பலருக்குத் தெரியவே தெரியாது.

புதினாவுக்கு ஓரளவு ஆதாரம் இருக்கிறது. முகத்தில் முடி அதிகம் வளரும் பெண்களிடம் துருக்கியில் 2007-லும், பிசிஓஎஸ் என்கிற சினைப்பை ஹார்மோன் கோளாறு உள்ள பெண்களிடம் இங்கிலாந்தில் 2010-லும் ஸ்பியர்மின்ட் டீ கொடுத்துப் பார்த்தார்கள், நம்ம சந்தையில் கட்டுக் கட்டாக விற்கும் புதினா பெரும்பாலும் அதே இனம்தான். கட்டில்லாமல் சுற்றும் டெஸ்டோஸ்டிரோன் குறைந்தது. அவை பருவைக் குறிவைத்து நடந்த ஆய்வுகள் அல்ல, நாட்களும் குறைவு. ஒரு நாளைக்கு இரண்டு குவளை புதினா டீ சர்க்கரையில்லாமல் குடிப்பதில் தவறில்லை, கம்பெனி டீக்கு மாற்றாகவும் ஆகும். கர்ப்பம் என்று தெரிந்தால் நிறுத்திவிடுங்கள்.

ஆவாரம்பூ நம்ம ஊர்க் காடுகரையெல்லாம் மஞ்சளாகப் பூத்துக் கிடப்பது, பொங்கலுக்கு வேப்பிலை, பூளைப்பூவோடு சேர்த்துக் காப்புக் கட்டுவோம். அதன் டீ சர்க்கரையைக் குறைக்கிறது என்பதற்கு ஆதாரம் பெரும்பாலும் எலிகளிடம் கிடைத்ததுதான். குடிக்கலாம், பெரிதாக எதிர்பார்க்க வேண்டாம், சர்க்கரையைக் குறைக்கும் மெட்ஃபார்மின் போன்ற மாத்திரை எடுப்பவர்கள் மருத்துவரிடம் சொல்லிவிட்டுக் குடிக்க வேண்டும். மஞ்சளுக்கு ஈரோடு 2019-ல் புவிசார் குறியீடும் வாங்கிவிட்டது, குழம்பிலும் ரசத்திலும் போடும் அளவு நல்லது, மிளகும் எண்ணெயும் சேரும்போது உடம்பு நன்றாக உறிஞ்சும். ஆனால் அடர்த்தியாக்கிய மஞ்சள் மாத்திரையை, அதிலும் மிளகுச் சாறு சேர்த்ததை, மாதக் கணக்கில் விழுங்கிக் கல்லீரல் பாதிக்கப்பட்டவர்கள் இருக்கிறார்கள். நிறத்துக்காக ஈயம் கலந்த பொடியும் சந்தையில் பிடிபட்டிருக்கிறது. விரலி மஞ்சளாக வாங்கி மில்லில் அரைத்துக்கொள்வது நம்மைப் போன்றவர்களுக்கு ஒரு கஷ்டமும் இல்லை.

பூசுவதில் நான் சொல்வதெல்லாம் குறைக்கச் சொல்வதுதான். தோலின் மேற்பரப்பு லேசான அமிலத்தன்மை கொண்டது, பிஹெச் சுமார் 5. எலுமிச்சைச் சாறு 2-க்குப் பக்கம், சோடா உப்பு 8-க்கு மேல். இரண்டையும் மாறி மாறிப் பூசினால் தோலின் காப்புப் படலம் கிழிந்து, எரிந்து, பரு போன பிறகும் கருப்புத் தழும்பு மாதக் கணக்கில் நிற்கும், நம்ம மாநிறத்துக்கு அது இன்னும் எளிதாக வரும். நலங்கு மாவு உங்கள் வீட்டில் பயத்தமாவும் பூலாங்கிழங்கும் வெட்டிவேரும் போட்டு அரைத்ததாக இருந்தால் உடம்புக்குத் தேய்த்துக் குளியுங்கள், வீங்கிய பருவின் மேல் அழுத்தித் தேய்க்க வேண்டாம். காங்கேயம் பக்கத்துச் செக்குத் தேங்காய் எண்ணெய் எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் முகத்துக்கு வேண்டாம், அது மயிர்க்காலை அடைக்கும் வகை. தலைக்கு வைத்தால் நெற்றியிலும் கன்னத்திலும் வழியாமல் பாருங்கள், இரவு தலையணை உறையில் ஒட்டும், அதை வாரம் இரண்டு முறை மாற்றுங்கள்.

உங்களுக்கென்று ஒன்று. ஸ்கூட்டியில் போகும் பெண்கள் துப்பட்டாவை முகத்தோடு இறுக்கிக் கட்டி அதன் மேல் ஹெல்மெட் போட்டு வாரை மோவாய்க்கு அடியில் பூட்டுகிறீர்கள். வியர்வையும் உராய்வும் சேர்ந்து சரியாக அதே தாடை ஓரத்தில் பருவைக் கூட்டும். ஹார்மோன்தான் மூலம், இது அதை உசுப்பிவிடுகிறது. மெல்லிய பருத்தித் துணி, தளர்வாக, தினமும் துவைத்தது, ஹெல்மெட் வாரை வாரம் ஒருமுறை துடைத்தது, இவ்வளவு போதும். போர்வெல் உப்புத் தண்ணீரில் சோப்பு சரியாகக் கழுவப்படாமல் படிந்து தோலை வறட்டும், அதனால் முகத்துக்கு மென்மையான, சோப்பில்லாத முகக்கழுவி ஒன்றை ஒரு நாளைக்கு இரண்டு முறை பயன்படுத்துங்கள்.

மருந்துக் கடையில் ‘மூஞ்சி வெள்ளையாகவும் பருவுக்கும் சேர்த்து’ என்று கொடுக்கும் ஸ்டீராய்டு கலந்த க்ரீம் மட்டும் தொடவே கூடாது. முதல் வாரம் பளபளப்பாகக் காட்டி, பிறகு தோலை மெலிய வைத்து, நிறுத்தியதும் முன்பைவிட மோசமாகப் பருவைக் கிளப்பும். 2018-ல் மத்திய அரசு இப்படிப்பட்ட பல க்ரீம்களை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று கொண்டுவந்தது, இன்னமும் கேட்டால் எடுத்து நீட்டுகிறார்கள். இதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரிகிறது.

இயற்கை மருத்துவச் சிகிச்சைகளில் வயிற்றில் போடும் மண்பட்டி, முகத்துக்கு ஆவி, உபவாசம், எனிமா எல்லாம் கேட்கிறார்கள். மண்பட்டி குளிர்ச்சியும் ஓய்வும் தரும், ஆனால் பருவைக் குணமாக்கும் என்று உறுதி கொடுக்க மாட்டேன். ஆவி மூன்று நான்கு நிமிடத்துக்கு மேல் வேண்டாம், சிவந்து வீங்கிய பரு இருக்கும்போது வேண்டவே வேண்டாம். எனிமாவுக்குப் பருவில் வேலையில்லை. நீண்ட உபவாசத்தை, ஏற்கனவே மாதவிடாய் ஒழுங்கில்லாத, எடை குறைவான பெண்ணுக்கு நான் கொடுப்பதில்லை, பட்டினி கிடந்தால் மாதவிடாய் இன்னும் தள்ளிப்போகலாம். இரவுச் சாப்பாட்டை எட்டு மணிக்குள் முடித்துக் காலை வரை வயிற்றைச் சும்மா விடுங்கள், அந்த உபவாசம் போதும்.

தூக்கம் உங்கள் விஷயத்தில் பெரிய இடத்தில் இருக்கிறது. ஷிப்மெண்ட் நெருங்கினால் இரவு ஒரு மணி, இரண்டு மணி, பிறகு படுக்கையில் போன். ஒரே ஓர் இரவு தூக்கம் குறைந்தாலும் மறுநாள் உடம்பு இன்சுலினுக்குச் சரியாகக் காது கொடுப்பதில்லை என்று ஆய்வுகளில் தெரிந்திருக்கிறது. இனிப்பு மேல் ஆசையும் கூடும், அதனால் மறுநாள் பேக்கரி. வேலையை நான் மாற்றச் சொல்ல முடியாது, ஆனால் ஷிப்மெண்ட் இல்லாத நாட்களிலாவது ஏழு மணி நேரம் தூங்குவதை ஒரு மருந்து வேளை போல நடத்துங்கள்.

நடை வாரத்துக்கு 150 நிமிடமாவது, வேர்க்கும் அளவுக்கு. அதோடு இரண்டு நாள் உட்கார்ந்து எழுதல், சுவரில் கைவைத்துத் தள்ளுதல், எடை தூக்குதல் என்று தசைக்கு வேலை, ஏனென்றால் தசைதான் சர்க்கரையை வாங்கிக்கொள்ளும் பெரிய இடம். யோகாவுக்கும் நல்ல ஆதாரம் இருக்கிறது. ஆந்திராவின் அனந்தபூரில் பிசிஓஎஸ் உள்ள 15 முதல் 18 வயதுப் பெண்களுக்கு 12 வாரம் ஆசனம், பிராணாயாமம், தளர்வுப் பயிற்சி கொடுத்து, அதே நேரம் சாதாரண உடற்பயிற்சி செய்த குழுவோடு ஒப்பிட்டார்கள். டெஸ்டோஸ்டிரோன் யோகா குழுவில் கூடுதலாகக் குறைந்தது. அரசு மருத்துவமனைகள் பலவற்றில் யோகா, இயற்கை மருத்துவப் பிரிவு இருக்கிறது, ஐந்தரை வருடம் படித்த பிஎன்ஒய்எஸ் மருத்துவர் இருப்பார், காசில்லாமல் கற்றுக்கொள்ளலாம்.

இதையும் சொல்ல வேண்டும். விசேஷ வீட்டில் ஒவ்வொருத்தரும் ‘என்ன அம்மிணி மூஞ்சியெல்லாம் இப்படி ஆயிருச்சு’ என்று கேட்பது உங்களை எவ்வளவு குடைகிறது என்று உங்கள் எழுத்தில் தெரிகிறது. மன அழுத்தமும் பருவைக் கூட்டும், பரு மன அழுத்தத்தைக் கூட்டும். கண்ணாடி முன்னால் நின்று கிள்ளுவதும் அப்போதுதான் நடக்கும், கிள்ளினால் தழும்பு விழும் வாய்ப்பும் கூடும். வெளியே போவதைத் தவிர்க்கும் அளவுக்கு, சாப்பாடு தூக்கம் கெடும் அளவுக்கு மனம் சோர்ந்திருந்தால் அதற்கும் மருத்துவரிடம் போங்கள், இதற்கெல்லாமா என்று கூச்சப்பட வேண்டாம்.

இனி கட்டாயமாகச் செய்ய வேண்டியது. மாதவிடாய் 35 நாளுக்கு மேல் தள்ளிப்போகிறதா, வருடத்துக்கு எட்டு முறைக்கும் குறைவா, மேலுதட்டிலோ மோவாயிலோ தடித்த முடி வருகிறதா, தலையில் வகிடு அகலமாகிறதா, கழுத்தின் பின்பக்கம் கருத்து வெல்வெட் மாதிரி தடித்திருக்கிறதா என்று பாருங்கள். ஒன்றிரண்டு இருந்தாலே மகப்பேறு மருத்துவரிடம் பிசிஓஎஸ்ஸுக்குச் சோதித்துக்கொள்ளுங்கள். மாதவிடாய் வந்த இரண்டாம் நாளிலிருந்து ஐந்தாம் நாளுக்குள் காலையில் டெஸ்டோஸ்டிரோன், தைராய்டுக்கு டிஎஸ்ஹெச், புரோலாக்டின், வெறும் வயிற்றுச் சர்க்கரை, குளுக்கோஸ் குடித்து இரண்டு மணி நேரம் கழித்த சர்க்கரை, கூடவே கொழுப்பு. ஸ்கேனில் ‘நீர்க்கட்டி’ என்று எழுதியதை மட்டும் வைத்துப் பிசிஓஎஸ் என்று முடிவு கட்ட மாட்டார்கள், மாதவிடாய் ஒழுங்கின்மை, ஆண்ட்ரோஜன் மிகுதி, ஸ்கேன் ஆகிய மூன்றில் குறைந்தது இரண்டு பொருந்த வேண்டும். எடை கூடுதலாக இருந்தால் அதில் 5 முதல் 10 சதவீதம் குறைந்தாலே மாதவிடாய் பலருக்கு ஒழுங்காகிறது. குரல் தடிப்பது, சில மாதத்துக்குள் முடி வேகமாகப் படர்வது என்று இருந்தால் காத்திருக்கவே கூடாது, உடனே போக வேண்டும்.

பரு ஆழமாகக் கட்டி கட்டியாக வந்து குழி விழுகிறது என்றால் மூன்று மாதம் பொறுக்காமல் இப்போதே தோல் மருத்துவரைப் பாருங்கள், குழி விழுந்த பிறகு அதைச் சரிசெய்வது கடினம். 2.5 சதவீத பென்சாயில் பெராக்சைடு, அடாபலீன், அசெலாயிக் அமிலம் என்று பூசுவதற்கு நல்ல மருந்துகள் இருக்கின்றன. சாப்பாட்டை மாற்றிக்கொண்டே அவற்றையும் பயன்படுத்தலாம், ஒன்று மற்றதற்கு எதிரியல்ல. கல்யாணத் தேதியை அவரிடம் கட்டாயம் சொல்லுங்கள். கடுமையான பருவுக்குக் கொடுக்கும் ஐசோட்ரெட்டினாயின் மாத்திரை எடுக்கும்போதும் நிறுத்தி ஒரு மாதம் வரைக்கும் கர்ப்பம் தரிக்கவே கூடாது, குழந்தைக்குக் கடுமையான பிறவிக் குறை வரும். ஆண்ட்ரோஜனைத் தடுக்கும் ஸ்பைரோனோலாக்டோன் மாத்திரை எடுக்கும்போதும் கருத்தடை வேண்டும், அடாபலீனையும் கர்ப்பத்தில் தவிர்க்கச் சொல்வார்கள், அசெலாயிக் அமிலம் அந்த நேரத்திலும் பொதுவாகப் பயன்படுத்தக் கூடியது. போகும்போது நீங்கள் குடிக்கும் சாறு, டீ, சத்து மாத்திரை, பூசிய க்ரீம் எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள், கடைசி ஆறு மாத மாதவிடாய்த் தேதிகளையும் அதிலேயே குறித்துவிடுங்கள், மருத்துவர் முதலில் கேட்கப்போவது அதைத்தான்.